வேலையிட விபத்து... பொறுப்பு யாருக்கு?

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு வேலையிட விபத்துகளில் 43 பேர் மாண்டனர்.

அதற்கு முந்திய ஆண்டு 36 பேர்.

ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் நம்மில் பலர் முதலில் கேட்பது இதைத்தான்: "ஹார்னஸ் போட்டிருந்தாரா? ஹெல்மெட் மாட்டியிருந்தாரா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் கேட்கும் முதல் கேள்வி அதுவல்ல.

அந்த அபாயத்தை உருவாக்கியவர் யார்? அதைத் தடுக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது? சட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நீங்கள் கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவராக இருக்கலாம். மேற்பார்வையாளராக இருக்கலாம். நாலு பேரை வைத்துச் சிறிய கடை நடத்துபவராக இருக்கலாம். உங்களுக்கு உள்ள பொறுப்பு என்ன, உங்களுக்கு மற்றவர்கள் பட்டிருக்கும் கடமை என்ன? பார்க்கலாம்.

சட்டம் எப்படி வந்தது?

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20. வட்ட ரயில் பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே தோண்டப்பட்டிருந்த பள்ளத்தின் தற்காலிகத் தடுப்புச் சுவர் சரிந்தது. நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே உள்வாங்கியது. 4 பேர் மாண்டனர். அவர்களில் ஒருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

9 நாள் கழித்து, ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத் தளத்தில் இரும்புக் கம்பிக் கூடு சரிந்து 2 பேர் மாண்டனர்.

மே மாத இறுதியில், கப்பல் பட்டறை ஒன்றில் பழுதுபார்க்கப்பட்டுக் கொண்டிருந்த கப்பலில் தீ. 7 பேர் மாண்டனர்.

ஆறு வாரத்துக்குள் 13 உயிர்கள்.

நிக்கல் நெடுஞ்சாலை விபத்தை விசாரித்த குழு, வடிவமைப்பில் பெரிய பிழைகள் இருந்ததைச் சுட்டியது. இன்னொன்றையும் சொன்னது: சுவர் திடீரென்று விழவில்லை. அதற்கு முன்பே எச்சரிக்கை அறிகுறிகள் தெரிந்தன. அவற்றுக்குத் தக்க நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

அப்போது நடப்பில் இருந்தது தொழிற்சாலைகள் சட்டம். எந்த இயந்திரத்துக்கு என்ன தடுப்பு, எந்த இடத்தில் என்ன ஏணி என்று விதிகளைப் பட்டியல் போட்ட சட்டம் அது. பட்டியலில் உள்ளதைச் செய்துவிட்டால் போதும் என்ற எண்ணத்துக்கு அது இடங்கொடுத்தது.

அதற்குப் பதிலாக 2006ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் அடிப்படை மூன்று.

- அபாயத்தை அது தொடங்கும் இடத்திலேயே குறைக்கவேண்டும்.
- பாதுகாப்பு அரசாங்கத்தின் வேலை மட்டுமல்ல. தொழில் நடத்துபவர்களே அதைத் தங்கள் பொறுப்பாக ஏற்கவேண்டும்.
- விபத்து நடந்தால்தான் தண்டனை என்பதில்லை. பாதுகாப்பு ஏற்பாடு மோசமாக இருந்தாலே தண்டிக்கலாம்.

2011ஆம் ஆண்டு செப்டம்பரில் சட்டம் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அலுவலகம், கடை, பள்ளி, உணவகம் எல்லாமே அதற்குள் அடக்கம்.

2004இல் ஒவ்வொரு 100,000 ஊழியருக்கும் 4.9 பேர் வேலையிடத்தில் மாண்டனர். 2024இல் அந்த விகிதம் 1.2. இருபது ஆண்டில் அது பெரிய முன்னேற்றம். அதை மறுக்க முடியாது.

யாருக்கு என்ன பொறுப்பு?

ஒரே இடத்தில் ஒரே வேலைக்குப் பல பேர் பொறுப்பாளிகளாக இருக்கலாம். "அது அவன் வேலை, என் வேலை இல்ல" என்று தள்ளிவிட முடியாது.

இடத்தைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்: கட்டுமானத் தளத்தில் பெரும்பாலும் தலைமைக் குத்தகையாளர். உள்ளே வரும் வழி, வெளியேறும் வழி, அங்குள்ள இயந்திரங்கள், பொருள்கள் ஆகியவை அங்கு வரும் யாருக்கும் ஆபத்தாக இருக்கக்கூடாது. அவர் தமது ஊழியரா, வேறு நிறுவனத்தின் ஊழியரா என்பது முக்கியமில்லை.

முதலாளி: பாதுகாப்பான வேலை முறை, பழுதில்லாத இயந்திரம், போதிய பயிற்சி, மேற்பார்வை. எல்லாம் அவர் கடமை. வேலை தொடங்கும் முன்பு அபாய மதிப்பீடு செய்யவேண்டும். குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை அதை மறுஆய்வு செய்யவேண்டும். விபத்து நேர்ந்தாலோ வேலை முறை மாறினாலோ அதுவரை காத்திருக்கக்கூடாது.

வேலையைக் குத்தகைக்குக் கொடுப்பவர்: குத்தகையாளருக்கு அந்த வேலை தெரியுமா, தேவையான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்திருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். விலை மலிவு என்பதற்காக மட்டும் ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவ முடியாது.

இயந்திரம் தயாரிப்பவர், விற்பவர்: குறிப்பிட்ட வகை இயந்திரங்களும் அபாயகரமான பொருள்களும் பாதுகாப்பாக இருப்பதையும், எப்படிப் பயன்படுத்துவது என்ற தகவல் உடன் கொடுக்கப்படுவதையும் உறுதிசெய்யவேண்டும்.

ஊழியர்: கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைச் சரியாகப் பயன்படுத்தவேண்டும். சொல்லிக்கொடுத்த முறையைப் பின்பற்றவேண்டும். தமக்கோ மற்றவருக்கோ ஆபத்து விளைவிக்கும் கவனக்குறைவான செயலைச் செய்தால் அவர் மீதும் குற்றம் சாட்டப்படலாம். 30,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கப்படலாம்.

ஆக, ஊழியருக்குப் பொறுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் சட்டத்தின் பொதுவான உச்ச தண்டனையைப் பாருங்கள். நிறுவனம் முதல் முறை குற்றம் புரிந்தால் 500,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் புரிந்தால் ஒரு மில்லியன் வெள்ளி வரை. தனிமனிதருக்கு 200,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை.

அதிகாரம் கூடக்கூடப் பொறுப்பும் கூடுகிறது. சட்டத்தின் கணக்கு அதுதான்.

ஹெல்மெட் ஏன் கடைசி?

பாதுகாப்பு என்றாலே நம் நினைவுக்கு வருவது ஹெல்மெட், ஷூ, ஹார்னஸ். ஆனால் அபாயத்தைக் குறைக்கும் வழிகளில் அவை கடைசிப் படி.

ஓர் எடுத்துக்காட்டு. கடையின் பெயர்ப்பலகை விளக்கு அடிக்கடி கெட்டுப்போகிறது. ஒவ்வொரு முறையும் யாராவது ஏணியில் ஏறி மாற்றவேண்டும். என்ன செய்யலாம்?

முதல் படி: ஏறவேண்டிய அவசியத்தையே நீக்குவது. விளக்கைக் கீழே இறக்கி மாற்றும்படி அமைக்கலாம்.

இரண்டாம் படி: ஆபத்துக் குறைந்த வழிக்கு மாறுவது. ஏணிக்குப் பதிலாக நிலையான மின்தூக்கி மேடையைப் பயன்படுத்தலாம்.

மூன்றாம் படி: தடுப்பு அமைப்பது. மேடையைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி இருந்தால், கால் இடறினாலும் ஆள் விழமாட்டார்.

நான்காம் படி: வேலை விதிகள். பயிற்சி பெற்றவர்தான் ஏறலாம், மழையில் ஏறக்கூடாது என்பவை அதில் சேரும். 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு முன்கூட்டியே எழுத்துபூர்வ அனுமதி தேவை என்பது சட்டம்.

ஐந்தாம் படி: ஹார்னஸ், ஹெல்மெட்.

ஏன் இந்த வரிசை? முதல் மூன்று படிகளில் மனிதர் தவறு செய்தாலும் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம். கடைசி இரண்டும் மனிதர் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிமிடமும் தவறே செய்யாமல் இருந்தால்தான் காப்பாற்றும். பத்து மணி நேரம் வெயிலில் நின்றவரிடம் அப்படி எதிர்பார்ப்பது சரியா?

முதல் மூன்று படிகளைத் தீர்மானிப்பவர் முதலாளி. பணம் செலவாகும், திட்டமிடவேண்டும். கடைசிப் படியைச் செய்பவர் ஊழியர். அதனால்தான் பல இடங்களில் பாதுகாப்பு என்பது கடைசிப் படியிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. சுவரொட்டி ஒட்டுவது சுலபம்.

"முடிந்தவரை" என்றால் எவ்வளவு?

நியாயமாகச் செய்யக்கூடிய அளவுக்கு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது சட்டம். அது தப்பித்துக்கொள்ளும் ஓட்டை போலத் தோன்றலாம். அப்படியில்லை.

அபாயம் எவ்வளவு பெரியது? அது நேரும் வாய்ப்பு எவ்வளவு? அதைத் தடுக்க வழி தெரியுமா? ஆகும் செலவு அந்த அபாயத்தோடு ஒப்பிட்டால் அளவுக்கு மீறியதா? எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்க்கவேண்டும். மேலும், இயன்ற அனைத்தையும் செய்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது.

"எனக்குத் தெரியாதே" என்பது பதிலாகாது. தெரிந்துகொள்வதற்காகத்தான் அபாய மதிப்பீடு.

துவாஸ் வெடிப்பு சொல்லும் பாடம்

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 24. துவாஸ் வட்டாரத் தொழிற்கூடம் ஒன்றில் வெடிப்பு. இந்தியாவைச் சேர்ந்த ஒருவரும் பங்களாதேஷைச் சேர்ந்த இருவரும் மாண்டனர். மேலும் 7 பேர் காயமடைந்தனர்.

தீத்தடுப்புப் பொருள் தயாரிக்கும் கலவை இயந்திரம் அங்கு இருந்தது. இணையம்வழி வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டது. அதன் வெளிப்புற உறையில் உள்ள எண்ணெயைச் சூடாக்கித்தான் கலவை செய்வார்கள். உறைக்குள் அழுத்தம் கூடினால் வெளியேற வழியில்லை. அன்று உறை வெடித்தது. சிதறிய எண்ணெய் தீப்பிடித்தது. அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவுத்தூள் காற்றில் பரவி மேலும் தீப்பற்றியது.

மாவு வெடிக்குமா என்று கேட்கலாம். மெல்லிய தூளாகக் காற்றில் பரவி, பக்கத்தில் தீப்பொறி இருந்தால் அது எரிபொருள்தான். கோதுமை மாவு, சர்க்கரைத் தூள், மரத்தூள் எல்லாமே அப்படித்தான். அதை உடன் வேலை செய்தவர்கள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

விசாரணையில் தெரியவந்த முக்கிய விவரம்: அந்த இயந்திரத்தில் அதற்கு முன்பே எண்ணெய் கசிந்தது. சிறு தீச்சம்பவங்களும் நேர்ந்தன. பழுதுபார்த்து மறுபடியும் ஓட்டினார்கள்.

நிக்கல் நெடுஞ்சாலையிலும் அறிகுறி இருந்தது. துவாஸிலும் இருந்தது. இரண்டுக்கும் இடையில் 17 ஆண்டு. ஒன்று மாபெரும் ரயில் திட்டம். மற்றொன்று சிறிய பட்டறை. ஆனாலும் கதை ஒன்றுதான்.

ஆபத்தை முதலில் கண்ணால் பார்ப்பவர் கீழே நின்று வேலை செய்பவர். அதை நிறுத்தும் அதிகாரம் மேலே இருப்பவரிடம். இரண்டுக்கும் நடுவில் செய்தி போய்ச் சேராவிட்டால் எந்தச் சட்டமும் உயிரைக் காப்பாற்றாது.

ஊழியரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா?

இப்படியோர் உரையாடலைக் கற்பனை செய்துபாருங்கள்.

"அண்ணே, இந்தச் சாரப் பலகை ஆடுது."

"இன்னிக்கு ஒரு நாள் பார்த்து நடந்துக்கப்பா. நாளைக்கு மாத்திடலாம். கான்கிரீட் லாரி வேற வந்து நிக்குது."

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே துணைக் குத்தகையாளர். அவருக்கு மேலே தலைமைக் குத்தகையாளர். வேலை தாமதமானால் ஒப்பந்தப்படி இழப்பீடு கட்டவேண்டும். அந்த அழுத்தம் படிப்படியாக இறங்கி, கடைசியில் ஆடும் பலகையின்மேல் நிற்பவரின் தலையில் விழுகிறது.

அவர் "ஏறமாட்டேன்" என்று சொல்வது எளிதா? வெளிநாட்டு ஊழியரின் வேலை அனுமதி முதலாளியின் பெயரோடு சேர்ந்தது. ஊரில் கடன் இருக்கலாம். மொழி தடையாக இருக்கலாம். "பிரச்சினை பண்றவன்" என்ற பெயர் எடுக்க யாருக்கு விருப்பம்?

சட்டம் இதை ஓரளவு முன்கூட்டியே யோசித்திருக்கிறது.

- பாதுகாப்பு தொடர்பில் அதிகாரியிடமோ வேலையிடப் பாதுகாப்புக் குழுவிடமோ நல்ல நோக்கத்துடன் உதவி நாடியதற்காக ஊழியரை வேலையைவிட்டு நீக்கக்கூடாது. நீக்குவேன் என்று மிரட்டவும் கூடாது.
- பாதுகாப்புக்காகக் கொடுக்கும் சாதனங்களுக்குச் சம்பளத்தில் பணம் பிடிக்கக்கூடாது.
- ஆபத்தான வேலைமுறையைப் பார்த்தால் மனிதவள அமைச்சிடம் ஸ்னாப்சேஃப் வழி படத்துடன் தெரிவிக்கலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையும் நாடலாம்.

எழுத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அச்சம் எழுத்தைப் பார்த்துப் போய்விடாது. காலையில் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்தில் ஒருவர் எழுந்து குறை சொன்னால் அவருக்கு நன்றி கிடைக்கிறதா, திட்டு கிடைக்கிறதா? ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பை அளக்க அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

மேலே இருப்பவர்களை எப்படிக் கேட்க வைப்பது?

2022ஆம் ஆண்டு வேலையிட மரணங்கள் 46க்கு உயர்ந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் 2023ஆம் ஆண்டு மே இறுதிவரை கூடுதல் பாதுகாப்புக் காலக்கட்டம் அறிவிக்கப்பட்டது. கடுமையான விபத்து நேர்ந்த நிறுவனங்கள் மூன்று மாதம்வரை புதிய வெளிநாட்டு ஊழியர்களை எடுக்கத் தடை விதிக்கப்படலாம் என்ற நிலை வந்தது. தலைமை நிர்வாகிகள் அமைச்சுக்கு நேரில் விளக்கம் தரவேண்டியிருந்தது.

அதன் பிறகு வந்த மாற்றங்களும் மேல்நோக்கியே குறிவைத்தன.

- 2022 அக்டோபர்: தலைமை நிர்வாகிகள், இயக்குநர்கள் ஆகியோரின் பாதுகாப்புக் கடமைகளை விளக்கும் வழிகாட்டு நெறிமுறை.
- 2023 அக்டோபர்: கட்டுமானத் துறையில் இருந்த குற்றப்புள்ளி முறை உற்பத்தித் துறைக்கும் விரிந்தது. 18 மாதத்தில் 25 புள்ளி சேர்ந்தால் வெளிநாட்டு ஊழியர்களை எடுக்க முடியாது.
- 2024 ஜூன்: விதிமுறை மீறல்களுக்கான உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியானது. 5 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கும் அதிக மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயமானது.

2023இல் மரண விகிதம் 0.99க்குக் குறைந்தது. கிருமிப்பரவலால் வேலைகள் முடங்கிய 2020ஐத் தவிர்த்தால், 1க்குக் கீழ் வந்தது அதுவே முதன்முறை. ஆனால் 2024இல் மீண்டும் 1.2. கட்டுமானத் துறையில் மட்டும் 20 பேர் மாண்டனர்.

ஓராண்டின் எண்ணிக்கையை வைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்ய முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. பாதுகாப்பு ஒருமுறை செய்து முடிக்கும் காரியமல்ல. 2028க்குள் விகிதத்தை 1க்குக் கீழ் குறைத்து அங்கேயே வைத்திருப்பதுதான் இலக்கு. குறைப்பதைவிட அங்கேயே வைத்திருப்பது கடினம்.

கட்டுமானத்தில் இல்லையே, எனக்கென்ன?

அதிகமான காயங்கள் எங்கே நேருகின்றன தெரியுமா? வழுக்கி விழுவதிலும் தடுக்கி விழுவதிலும். ஈரமான சமையலறைத் தரை, வழியில் கிடக்கும் மின்கம்பி, படிக்கட்டில் அடுக்கிய பெட்டிகள். வேலையால் வரும் நோய்களில் இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் குறைபாடு முன்னணியில் உள்ளது. அதற்கு ரத்தம் வராது, வலிக்காது. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போதுதான் தெரியும்.

வெளியில் வேலை செய்வோருக்கு வெயில். வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், வெயில் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் அளவீடு 32 டிகிரியைத் தொட்டால், கடின உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்கு 10 நிமிடம் ஓய்வு தரவேண்டும். 33 டிகிரி என்றால் 15 நிமிடம். 2023 அக்டோபரில் வந்த ஏற்பாடு அது. ஓய்வு கேட்பது சோம்பல் அல்ல.

விபத்து நேர்ந்துவிட்டால்?

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலேயே ஊழியர் இழப்பீடு கோரலாம். உள்ளூர்வாசி, வெளிநாட்டவர் என்ற வேறுபாடு இல்லை.

- மருத்துவ விடுப்புச் சம்பளம்: வெளிநோயாளியாக 14 நாள்வரை, மருத்துவமனை விடுப்பில் 60 நாள்வரை முழுச் சம்பளம். அதன்பின் மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுவரை கிடைக்கும்.
- மருத்துவச் செலவு, ஒரு குறிப்பிட்ட வரம்புவரை.
- நிரந்தர உடற்குறை அல்லது மரணம் என்றால் மொத்தத் தொகை.

ஒரு நாள் மருத்துவ விடுப்பு கிடைத்தாலும், இலகுவான வேலைக்கு மாற்றப்பட்டாலும், முதலாளி அதை அமைச்சிடம் தெரிவிக்கவேண்டும். "ரெண்டு நாள் ரூம்ல ரெஸ்ட் எடு, எம்சி வேண்டாம்" என்று சொன்னால் கவனம். உங்கள் காயம் பதிவிலேயே இருக்காது.

வேலையைவிட்டு நின்ற பிறகும் கோரலாம். ஆனால் பொதுவாக விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரவேண்டும். இழப்பீடு கோருவது, நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

இல்லப் பணிப்பெண்களும் சுயதொழில் செய்பவர்களும் இந்தச் சட்டத்தில் அடங்கமாட்டார்கள். இணையத் தளங்கள்வழி உணவு விநியோகிப்போருக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் 2025 ஜனவரி முதல் இதே அளவிலான பாதுகாப்பு உண்டு.

நாளைக் காலை நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் ஊழியரா? பழுதான பொருளை, ஆடும் பலகையைப் பார்த்தால் படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகலாம். அனுப்பிய படம் தேதியோடு நிற்கும். விபத்து நேர்ந்தால் எம்சியையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

நீங்கள் மேற்பார்வையாளரா? மேலிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே தள்ளாதீர்கள். "இன்னைக்கு முடியாது" என்று மேலே சொல்வதும் உங்கள் வேலைதான்.

நீங்கள் முதலாளியா? போன மாதம் உங்கள் ஊழியர்கள் எத்தனை குறைகளைச் சொன்னார்கள் என்று பாருங்கள். ஒன்றுமே இல்லை என்றால் நிம்மதி அடையவேண்டாம். குறையே இல்லாத வேலையிடம் அபூர்வம். சொல்லப் பயப்படும் வேலையிடங்கள்தான் அதிகம்.